கிரென்ஃபெல் தீயும் ஒரு வீட்டு மனத்தாங்கலும்

கேள்வி: என் கணவர் தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பொறியியல் படிக்கும் எங்கள் இளைய மகன், லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்ததைப் பற்றிப் படித்துவிட்டு, "வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லி 72 பேரைச் சாகவிட்டவர்களை வீரர்கள் என்று எப்படிச் சொல்வது?" என்று அப்பாவிடம் கேட்டான். "ஒரு தடவை புகைக்குள் போய் வந்துவிட்டு அப்புறம் பேசு" என்று சொல்லி அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார். அதன்பின் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யார் பக்கம் நியாயம்? நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அன்று படியேறியவர்கள் அல்லர். உங்கள் கணவர் நிச்சயமாக அல்லர். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இது உங்களுக்கே விளங்கும்.

2017 ஜூன் 14, நள்ளிரவு கடந்து 12.54 மணிக்கு முதல் அழைப்பு வந்தது. வடக்கு கென்சிங்டனில் உள்ள அந்த 24 மாடிக் கட்டடத்தின் நான்காம் தளத்து வீடொன்றில், சமையலறையில் இருந்த குளிர்பதனப் பெட்டியில் தீப்பிடித்திருந்தது. சில நிமிடங்களில் வந்து சேர்ந்த வீரர்கள் மூச்சுக் கருவி அணிந்து உள்ளே போய் அந்தச் சமையலறைத் தீயை அணைத்தும் விட்டார்கள். வேறு எந்தக் கட்டடமாக இருந்தாலும் வேலை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் நெருப்பு சன்னல் வழியாக வெளியேறி, 2016-இல் முடிந்த புதுப்பிப்பின்போது சுவரின் மேல் பொருத்தப்பட்ட பலகைகளைப் பற்றியிருந்தது. இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலித்தீன் வைத்த பலகைகள் அவை. (நம் ஊர்க் கடை முகப்புகளில் ஏ.சி.பி. ஷீட் என்று ஒட்டுகிறார்களே, அந்த இனம்தான்.) மணி ஒன்றரை ஆவதற்குள் தீ உச்சியைத் தொட்டுவிட்டது.

"வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற சொல் அன்றிரவு யாரோ அவசரத்தில் கண்டுபிடித்ததன்று என்பதை உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். கான்கிரீட்டால் கட்டிய ஒவ்வொரு வீடும் தனக்குள் பிடித்த தீயை ஒரு மணி நேரமாவது அடக்கி வைத்திருக்கும், ஆகவே மற்ற வீட்டார் உள்ளேயே இருப்பது பத்திரம், ஒற்றைப் படிக்கட்டும் நெரிசலின்றி வீரர்களுக்குக் கிடைக்கும் என்ற கணக்கில் பிரிட்டனின் உயர்மாடிக் குடியிருப்புகள் பலவற்றில் பல ஆண்டுகளாகப் பின்பற்றப்பட்ட நெறி அது. தீ வெளிச்சுவரில் ஏறி ஒவ்வொரு சன்னல் வழியாகவும் உள்ளே நுழையும்போது அந்தக் கணக்கு அடியோடு பொய்த்துப் போகிறது.

இனி உங்கள் கணவர் பேச விரும்பிப் பேசாமல் போன பகுதிக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்தில் இருந்தது ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமுள்ள ஒரே படிக்கட்டு. மின்தூக்கிகளை வீரர்களால் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடியவில்லை. வழக்கமான மூச்சுக் கருவியில் அரை மணி நேரத்துக்கே காற்று உண்டு. பாரம் சுமந்து மாடியேறினால் அதுவும் குறையும். கையில் தண்ணீர்க் குழாய் இல்லாமல் தீக்கு மேலுள்ள தளங்களுக்குப் போகக் கூடாது என்பது பொது நடைமுறை. அன்று பலர் தண்ணீரின்றியே போனார்கள், மூச்சுக் கருவி இல்லாமல் மேலே சென்றவரும் உண்டு. எரிந்து விழும் பலகைத் துண்டுகள் மேலே படாதபடி காவலர்கள் கலவரக் கேடயங்களைப் பிடித்துக்கொள்ள, அவற்றின் கீழே ஓடித்தான் கட்டடத்துக்குள் நுழைய முடிந்தது. வானொலித் தொடர்பு சரியாகக் கிடைக்காததால், எந்தத் தளத்தில் எந்த வீட்டில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்பதைத் துண்டுக் காகிதங்களிலும் சுவரிலும் எழுதி வைத்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது வேறொன்று. மேல் தளத்தில் ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கென்று அனுப்பப்பட்ட குழுவினர், பாதி வழியில் புகைக்குள் தடுமாறி இறங்குபவர்களை எதிர்கொள்வார்கள். அவர்களைக் கீழே கொண்டுவந்தால் மேலே காத்திருப்பவர்களுக்குக் காற்று மிஞ்சாது. மேலே போனால் கண்ணெதிரே இருப்பவர்கள் விழுந்துவிடலாம். இதை யோசிக்க அவர்களுக்குக் கிடைத்தவை சில நொடிகள். இப்படித்தான் அன்று 65 பேரை வீரர்கள் உயிருடன் மீட்டார்கள், இப்படித்தான் சில வீடுகளுக்கு யாரும் போய்ச் சேரவுமில்லை. பிழைத்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி மகிழ்கிறவர்கள், போய்ச் சேராத அந்தக் கதவுகளின் நினைவோடு எத்தனை வீரர்கள் வீடு திரும்பியிருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் கணவர் எழுந்து போனதற்கு இது போன்ற ஏதேனும் ஒரு கதவு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அதற்காக மகனின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஓய்வு பெற்ற நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை 2019 அக்டோபரில் வந்தது. வீரர்களின் துணிவைப் புகழ்ந்த அதே அறிக்கை, 1.30-க்கும் 1.50-க்கும் இடையிலேயே அனைவரையும் வெளியேறச் சொல்லியிருக்க வேண்டும், அப்படிச் செய்திருந்தால் இன்னும் பல உயிர்கள் தப்பியிருக்கும் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னது. உண்மையில் உள்ளேயே இருக்கச் சொன்ன அறிவுரை 2.47-க்குத்தான் கைவிடப்பட்டது. 2009-இல் தெற்கு லண்டனின் லாக்கனல் ஹவுஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் தீயில் ஆறு பேர் இறந்தபோதே பாடம் கிடைத்திருந்தது. ஆனாலும் இப்படிப்பட்ட கட்டடத்தை எப்போது, எப்படிக் காலி செய்வது என்ற பயிற்சியைக் களத் தளபதிகளுக்குத் தலைமை கொடுத்திருக்கவில்லை. 2024 செப்டம்பரில் வந்த இறுதி அறிக்கையோ இன்னும் பின்னே போய், பலகையையும் சுவரில் வைக்கும் வெப்பக் காப்புப் பொருளையும் பொய் சொல்லி விற்ற நிறுவனங்கள், புதுப்பிப்பில் ஈடுபட்டவர்கள், உள்ளாட்சி, பல ஆண்டுகளாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்த அரசு என்று பொறுப்பை விரித்துக் காட்டியது. அந்த மரணங்கள் ஒவ்வொன்றும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றார் மூர்-பிக்.

ஆக, என் தீர்ப்பு இது: படியேறியவர்களின் வீரத்தில் குறை சொல்ல இடமில்லை, தலைமையின் ஆயத்தமின்மையை மன்னிக்கவும் இடமில்லை. அந்த வீரத்தைத் திரையாகப் பிடித்துத் தலைமையையும் வணிகர்களையும் காப்பாற்ற முனைகிறவர்கள் மீது எனக்கு உங்கள் மகனைவிடக் கோபம் அதிகம்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். இருவரையும் உட்கார வைத்துச் சமரசம் பேசாதீர்கள். அது இன்னொரு வாதமாக முடியும். மகனைத் தனியே அழைத்து, "அப்பா, நீங்கள் சரியில்லை என்று நினைத்த உத்தரவுக்கு எப்போதாவது கீழ்ப்படிய வேண்டி வந்ததா?" என்று கேட்கச் சொல்லுங்கள். குற்றம் சாட்டாத கேள்வி அது. முப்பது ஆண்டுகள் சீருடை அணிந்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும். உடனே சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கணவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மகன் அவரைக் குறிவைத்துப் பேசவில்லை, படிப்புக்கு ஏற்றபடி கட்டடத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறான்.

முதல் அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த இரவை அது நேர வரிசைப்படி விவரிக்கிறது. ஆங்கிலத்தை மகன் படித்துச் சொல்லட்டும், குழாய் அழுத்தமும் மூச்சுக் கருவியும் வரும் இடங்களை அப்பா விளக்கட்டும். பழைய பணியின் நினைவுகளில் அவருக்கு உறக்கம் கெடுவதாகத் தெரிந்தால் மட்டும், படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க அழைத்துச் செல்லுங்கள்.