பி.டி.-109க்குப் பித்தளை செட் வேண்டாம், காயில் கடைக்குப் போங்கள்

கேள்வி: 1/35 அளவில் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ரோந்துப் படகு பி.டி.-109-இன் மாதிரி கட்டுகிறேன். உடல் முடிந்துவிட்டது. கிட்டில் வந்த கைப்பிடிக் கம்பிகளும் துப்பாக்கிக் குழல்களும் ஈர்க்குச்சி மாதிரி தடியாக இருக்கின்றன. பித்தளை உதிரி செட், ‘ஒரிஜினல்’ வரைபடம் இரண்டும் சேர்த்து 14,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வாங்காதீர்கள்.

முதலில் அந்த வரைபடம். இதில் நானே 3,500 ரூபாய் தண்டம் அழுதவன். வாட்ஸ்அப்பில் வந்ததை பிரிண்ட் போட்டு விரித்தால் அது ஹிக்கின்ஸ் கம்பெனிப் படகு. 109 எல்கோ கம்பெனி கட்டியது, 80 அடி. ஹிக்கின்ஸ் 78 அடி, மேல்தள அமைப்பே வேறு. விற்றவரைக் கேட்டேன். “ரெண்டும் பி.டி. படகுதானே சார்” என்றார். இத்தனைக்கும், அமெரிக்கக் கடற்படை எடுத்த போர்க்காலப் படங்களுக்கு அந்த நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் சும்மா கிடப்பதை இறக்கி இங்கே விற்கிறார்கள்.

படம் பார்த்துச் செய்வதிலும் ஒரு குழி உண்டு. நியூ ஆர்லியன்ஸில் புதுப்பித்து வைத்திருக்கும் பி.டி.-305 படகின் வண்ணப் படங்கள் நிறையக் கிடைக்கும், அது ஹிக்கின்ஸ். ஃபால் ரிவர் என்ற அமெரிக்க ஊரில் இருக்கும் பி.டி.-617 எல்கோதான், ஆனால் 1945-இல் வந்தது. அதில் டார்பிடோவை (நீருக்குள் பாயும் குண்டு) உருட்டிக் கடலில் தள்ளும் தாங்கிகள்; 109-இல் இருந்தவை நான்கு நீளக் குழாய்கள். 109 ஜப்பானியப் போர்க்கப்பல் மோதிப் பிளந்தது 1943 ஆகஸ்ட் 2 அதிகாலையில். அதற்குப் பிந்தைய படகுகளின் படத்தைப் பார்த்து எதையும் ஒட்டாதீர்கள்.

பித்தளை செட்டை நீங்களே வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்பார்கள். போன தடவை உள்ளங்கையளவு தகடு ஒன்றுக்காக ஆதார், பான், வாங்கிய பில், “இது பொம்மையா, உதிரிப் பாகமா?” என்று சுங்கத்துக்காக மூன்று மின்னஞ்சல். பொம்மைக்கு உதிரிப் பாகம் என்று எழுதினேன். அப்படி ஒரு கட்டமே படிவத்தில் இல்லையாம்.

சரி, வேலைக்கு வருவோம். எந்தப் பொருளானாலும் அசல் அளவை மில்லிமீட்டரில் எடுத்து 35-ஆல் வகுங்கள். ஒரு அங்குலக் குழாய் என்றால் 0.73. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் 22-ஆம் நம்பர் செம்புக் கம்பி 0.71 மி.மீ.; உங்கள் கைப்பிடிக்கு அது போதும். புதுக் கம்பியைக் கிலோக் கணக்கில்தான் தருவார்கள். “அண்ணாச்சி, வெட்டிப்போட்ட துண்டு ஏதும் கிடக்கா?” என்று கேளுங்கள், சும்மாவே கிடைக்கும். ஒரு நுனியை வைஸில் கடித்து, மறுநுனியைக் குறடால் பிடித்து, லேசாக இளகும் வரை இழுத்தால் நூல் பிடித்தாற்போல் நேராகிவிடும். மேலே இருக்கும் வார்னிஷைச் சுரண்டாமல் ஈயம் பற்ற வைத்தால் ஒட்டாது.

துப்பாக்கிக் குழலுக்கு மருந்துக்கடை ஊசி. 12.7 மி.மீ. துப்பாக்கியின் துளை நம் அளவில் 0.36. கறுப்புக் குமிழ் உள்ள 22 கேஜ் ஊசியின் துளை சுமார் 0.4. இதைவிடப் பொருத்தமாக எந்த செட்டிலும் வராது. புது ஊசியாகவே வாங்குங்கள். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வாய் நசுங்கிவிடும். முக்கோண அரத்தால் சுற்றிலும் கீறி, மடக்கி ஒடியுங்கள். கிட்டில் இருக்கும் துளைபோட்ட உறையை விட்டுவிட்டு, முனையை மட்டும் அறுத்து ஊசியைச் செருகினால் போதும்.

தட்டையான பாகங்களுக்குக் காலாவதியான ஏ.டி.எம். கார்டு. தடிமன் 0.76, அதாவது நம் கணக்கில் ஒரு அங்குலப் பலகை. கிட் பிளாஸ்டிக்குக்கான சிமென்ட் இதில் பிடிக்காது, ஃபெவிக்விக் போடுங்கள்.

வகுத்தல் கணக்குக்கு அடங்காத ஒரே இடம் முன்தளம். 109-இன் தலைவராக இருந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் எஃப். கென்னடி, கடைசி ரோந்துக்குக் கிளம்புமுன் தரைப்படையின் 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கி ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தார். அங்கிருந்த உயிர்காப்பு மிதவையை எடுத்துவிட்டு, சக்கரம் கழற்றிய பீரங்கியைப் பலகைகளின் மேல் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். நிரந்தரமாகப் பொருத்த நேரம் இல்லை. படகு பிளந்த பிறகு, நீந்தத் தெரியாதவர்கள் பிடித்துக்கொண்டு மிதந்தது அந்தப் பலகையைத்தான். இதற்குத் தொழிற்சாலை வரைபடம் கிடையாது. யாராவது காட்டினால் அது அவர் வீட்டில் வரைந்தது. அவசரத்தில் கட்டிய கட்டு அவசரமாகவே தெரிய வேண்டும். கார்டை இரண்டாக ஒட்டி, ஹாக்சா பிளேடால் நீளவாக்கில் இழுத்தால் மரவரி வந்துவிடும். கயிற்றுக்குப் பூக்கட்டும் நூல் வேண்டாம், பிசிறு 1/35-இல் வைக்கோல் போலத் தெரியும். செருப்புத் தைப்பவரிடம் மெழுகு நூல் ஒரு முழம் வாங்கி, முடிச்சை ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சின்னதாகவும் போடுங்கள். மிதவையை மறக்காமல் கழற்றிவிடுங்கள்; கிட் படத்தைப் பார்த்துப் பலரும் இரண்டையும் சேர்த்தே வைத்துவிடுகிறார்கள்.