ஸ்மூத்தாக இருந்தால்தான் நல்ல ரம்மா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒரு ஜமைக்கா ரம் கொடுத்தார். கோலா ஊற்றியே குடித்துப் பழகியவன் நான். விஸ்கியைப் போல இதையும் ரசித்துக் குடிக்கலாமா? திறந்தாலே பெயின்ட் வாடை அடிக்கிறது. நல்ல ரம் ஸ்மூத்தாக இருக்க வேண்டாமா? (வாசகர், திருச்சி)

பதில்: முதலில் அந்த ‘ஸ்மூத்’தை விட்டுத்தள்ளுங்கள். ரம்முக்கு அது செய்த கெடுதலைக் கோலாகூடச் செய்ததில்லை.

உங்களுக்குப் பெயின்டாகப் படுவதுதான் ஜமைக்காவின் சொத்து. அந்த நாட்டின் ட்ரெலானி பகுதியில் ஹாம்டன் என்றொரு பழைய வடிசாலை. அங்கே கடையில் வாங்கிய ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் மரத்தொட்டியிலும் குடியிருக்கும் ஈஸ்ட்டே போதும். முந்தைய வடிப்பில் மிஞ்சிய டண்டர் என்ற புளித்த கழிவையும் ஊறலில் சேர்ப்பார்கள். ஊறலை அவசரப்பட்டு இறக்க மாட்டார்கள், நாள்கணக்கில் புளிக்க விடுவார்கள். அந்தப் புளிப்பின் அமிலமும் ஆல்கஹாலும் கூடி எஸ்டர்கள் என்ற மணப்பொருள்கள் பிறக்கின்றன. எத்தில் அசிடேட் நெயில் பாலிஷ் போல வீசும், எத்தில் பியூட்டிரேட் அன்னாசி மணக்கும், ஐசோஅமைல் அசிடேட் கனிந்த வாழைப்பழம். ஹாம்டனில் டி.ஓ.கே. என்று குறியிடும், எஸ்டர் மிகுந்த ரம் வகையில் 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1,500 கிராமுக்கு மேல் எஸ்டர் இருக்கும். நெடுங்காலம் அது பெரும்பாலும் அடுத்தவர் சரக்குக்கு வாசனை கூட்டவும் மிட்டாய்க்கும்தான் போனது.

குடிக்கும் விதம் எளிது. வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பெயின்ட் முதலில் கிளம்பிப் போகும், பழம் பின்னால் வரும். மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள். விளிம்புக்கு மேலே நிறுத்தி, வாயை லேசாகத் திறந்துகொண்டு முகருங்கள். முதல் மிடறு நாக்கைப் பழக்க மட்டும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவதிலிருந்துதான் ருசி. ஆல்கஹால் 50 சதவீதத்துக்கு மேல் என்றால் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐஸ் வேண்டவே வேண்டாம், குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும்.

சரி, ஸ்மூத்துக்கு வருகிறேன். அப்படி விற்கப்படும் ரம்களில் பலவற்றுக்கு வழவழப்பைத் தருவது பீப்பாயோ வயதோ அல்ல, வடித்த பிறகு கலக்கும் சர்க்கரை. கறுப்பு நிறமும் பல சமயம் கேரமல்தான். முன்பு இதே பக்கத்தில் இதை எழுதியபோது கோபித்துக்கொண்டு கடிதம் போட்டவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு சொட்டு ரம்மை உள்ளங்கையில் தேய்த்துக் காயவிட்டுப் பார்க்கட்டும். பிசுபிசுத்தால் சர்க்கரை இருக்கிறது. பார்படோஸில் ஃபோர்ஸ்குவேர் வடிசாலையின் ரிச்சர்ட் சீல் பல ஆண்டுகளாக இப்படிச் சர்க்கரை கலப்பதை எதிர்த்துச் சண்டை போடுகிறார். 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ரம் என்று விற்க வேண்டுமானால் லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரைதான் உச்சவரம்பு. அதுவே ரொம்ப அதிகம் என்பது என் கட்சி.

ஆனால் குடிப்பவனிடம் மறைக்காமல் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பின்லாந்தில் மது விற்பது அல்கோ என்ற அரசு நிறுவனம். எந்தப் பாட்டிலில் எவ்வளவு சர்க்கரை என்று அதுவே வெளியிடுகிறது. இங்கேயும் கடை நடத்துவது அரசுதான். டாஸ்மாக் அலமாரியில் விலைக்குப் பக்கத்தில் சர்க்கரை அளவையும் ஒட்டுவதற்கு என்ன தடை?