சட்டம் கேளுங்கள்: புரோநோட்டும் வரப்பும்

கேள்வி: புரோநோட்டு எழுதி என்னிடம் 80,000 ரூபாய் வாங்கியவர் திருப்பித் தரவில்லை. பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டி உள்ளே வந்துவிட்டார். போலீசில் கேட்டால் ‘இரண்டும் சிவில்’ என்கிறார்கள். ஒரே கேஸாகப் போடலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: முடியாது. ஆளும் வேறு, சட்டமும் வேறு. கடன் ஒப்பந்தச் சட்டத்தில் வரும், வரப்பு சொத்துரிமைச் சட்டத்தில் வரும்.

முதலில் நோட்டை எடுத்துப் பாருங்கள், அவசரம் அதில்தான். ‘கேட்கும்போது தருகிறேன்’ என்று எழுதிய நோட்டுக்கு, கேஸ் போட எழுதிய தேதியிலிருந்து 3 வருடமே கெடு. நடுவில் கடன் வாங்கியவர் கொஞ்சம் பணம் தந்திருந்தால், கெடு முடியுமுன் நோட்டின் பின்பக்கம் தேதி, தொகை எழுதி அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்போது அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருடம் கிடைக்கும். கடன் கொடுத்தவரே வரவு எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்காமல் விட்டுத்தான் பலர் தோற்கிறார்கள். ‘சித்திரைத் திருவிழா முடியட்டும், தந்துடுறேன்’ என்ற வாய்ப்பேச்சு கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லாத நோட்டைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது. பிறகு அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது.

வரப்புக்கு, பணம் கட்டி அரசு சர்வேயரை வைத்து அளந்து, புலப்பட (வயலின் அளவு, எல்லை காட்டும் படம்) நகல் வாங்குங்கள். பட்டா மட்டும் உரிமையை நிரூபிக்காது. கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று வேண்டும். நிலத்தைப் பிடித்து 6 மாதத்துக்குள் என்றால், அது உங்கள் கைவசம் இருந்ததைக் காட்டியே கோர்ட்டில் திரும்பக் கேட்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.