சாயப்பட்டறை கெமிக்கல் பதிவேடு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 40 பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். அடுத்த மாதம் பையர் ஆடிட் (துணி வாங்கும் கம்பெனியின் ஆய்வு) வருகிறது. சப்ளையர்கள் கொடுத்த எம்எஸ்டிஎஸ் தாள்கள் (கெமிக்கல் பாதுகாப்புத் தரவுத்தாள்கள்) ஒரு ஃபைலில் இருக்கின்றன, எல்லாம் ஆங்கிலம். ஆடிட்டுக்கும் ஆகவேண்டும், ஆட்களுக்கும் உதவ வேண்டும். பதிவேட்டை எப்படித் தயாரிப்பது?

பதில்: ஃபைலை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோரிலிருந்து கடைசித் தொட்டி வரை நடந்து போங்கள். கண்ணில் படும் கேன், மூட்டை, பாதி காலியான பக்கெட், லேபிள் உரிந்த டப்பா எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் ஆபீஸில் இருக்கும் கொள்முதல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

ஒவ்வொன்றுக்கும் வேதிப் பெயர், சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உலகம் முழுக்க உள்ள தனி அடையாள எண்), இருப்பு அளவு, வைக்கும் இடம், அதைக் கையாளும் ஆள் யார் என்று குறியுங்கள். நாம் ஹைட்ரோஸ் என்பது சோடியம் டைதயோனைட். அதன் எண் 7775-14-6. சப்ளையர் மாறலாம், பிராண்டு மாறலாம், இந்த எண் மாறாது.

இப்போது ஃபைலைத் திறக்கலாம். தரவுத்தாளில் 16 பகுதிகள் இருக்கும். பட்டறைத் தளத்துக்கு முக்கியமானவை 2, 4, 7, 8, 10. ஆபத்து என்ன, முதலுதவி என்ன, எப்படி வைப்பது, எதை அணிவது, எதோடு சேரக் கூடாது என்பவை அவை. 10-ஆம் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். ஹைட்ரோஸ் மூட்டையில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், சல்பர் டை ஆக்சைடு கிளம்பும். அதன் பக்கத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேனை வைக்கவே கூடாது. பெராக்சைடில் துருவோ காஸ்டிக் சோடாவோ விழுந்தால் அது சிதைந்து ஆக்சிஜன் பொங்கும். காற்றுப் போக வழியில்லாத கேன் வெடிக்கும். அதனால் மக்கில் மிஞ்சியதைத் திரும்பக் கேனில் ஊற்றக் கூடாது. ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வரும். எதெது சேரக் கூடாது என்று ஒரே அட்டவணையாக எழுதி ஸ்டோர் சுவரில் மாட்டுங்கள். இடம் பிரித்து அடுக்குவதற்கும் அதுவே வழிகாட்டி.

அடுத்து, ஒவ்வொரு கெமிக்கலுக்கும் ஒரு பக்கத் தாள், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும். சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுர அபாயச் சின்னம் பெரிதாக இருக்கட்டும். காஸ்டிக் தாளில் இவ்வளவு போதும்: தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, ஏப்ரன், பூட்ஸ் வேண்டும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, தாளோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆசிட் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. மொழிபெயர்ப்பை அந்த மொழி பேசும் உங்கள் ஆட்களிடமே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்குப் புரியாத வார்த்தை இருந்தால் அங்கேயே மாற்றிவிடுங்கள்.

பெரிய கேனிலிருந்து சின்ன டப்பாவுக்கு மாற்றியதும் அதற்கும் லேபிள் வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்க விடாதீர்கள்.

எந்தச் சப்ளையரும் தாள் தராத ஓர் ஆபத்தும் உங்கள் பட்டறையில் இருக்கிறது. அது கழிவுநீர்த் தொட்டி. தேங்கிய சாயக் கழிவிலும் சகதியிலும் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை போயிருச்சு' என்று இறங்குபவர் மயங்குவார், தூக்கப் போனவரும் விழுவார். இந்தத் தொட்டிக்கும் ஒரு தாள் எழுதுங்கள்: காற்றை அளக்காமல், எழுத்தில் அனுமதி இல்லாமல், மேலே ஒருவர் கயிற்றோடு நிற்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, உள்ளே ஒருவர் விழுந்தால் மூச்சுக் கருவி இல்லாமல் அவர் பின்னால் குதிக்கக் கூடாது.

முதலாளி 'இதெல்லாம் தொழிலாளிக்கு எதற்கு' என்று கேட்டால் ஒன்றைச் சொல்லுங்கள். 1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி 111ஏ பிரிவைச் சேர்த்தார்கள். வேலையிடத்தில் தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை என்றது அது.

பதிவேட்டில் தேதி போட்டு, புதுச் சரக்கு வரும்போதெல்லாம் திருத்துங்கள். முக்கியமாக, டீலர் 'சும்மா போட்டுப் பாருங்க' என்று தந்துவிட்டுப் போகும் சாம்பிள் கேன். தாள் இல்லாமல் வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கட்டும். சாய மாஸ்டர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி.