மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு என்ன குறிச்சொல்?

யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சாலைப் பாலமாக வரைந்துவிட்டேன், இப்போது வழிகாட்டும் செயலி அதன்மேல் காரை அனுப்புகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். உடனே திருத்திவிடுங்கள், வெளியூர்க்காரர்கள் அதை நம்பித்தான் வருவார்கள்.

அங்கே மேலே போவது பட்டணங்கால் கால்வாயின் தண்ணீர். அதனால் சாலைக் குறிச்சொல்லை (கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் அடையாளம்) எடுத்துவிட்டு, அந்தக் கோட்டுக்கு ‘வாட்டர்வே=கேனல்’ (கால்வாய்), ‘பிரிட்ஜ்=அக்வடக்ட்’ (நீர் செல்லும் பாலம்), ‘லேயர்=1’ (கீழே இருப்பதற்கு ஓர் அடுக்கு மேலே) மூன்றும் போடுங்கள். கோட்டைத் தண்ணீர் ஓடும் திசையில் வரைய வேண்டும். கீழே பறளியாறு குறுக்கிடும் இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் பொதுவாக ஒரு புள்ளி இருந்தால் கட்டாயம் பிரித்துவிடுங்கள். புள்ளி சேர்ந்திருந்தால் கால்வாய் ஆற்றில் கலப்பதாக அர்த்தமாகிவிடும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

அப்புறம் பெயர். ‘நேம்’ கட்டத்தில் கால்வாயின் பெயர் மட்டும். தொட்டிப்பாலம் என்பதை ‘பிரிட்ஜ்:நேம்’ கட்டத்தில் எழுதுங்கள். ‘சுற்றுலாத் தலம், அழகான இடம்’ என்றெல்லாம் பெயரோடு சேர்க்க வேண்டாம், தேடுபவருக்குத்தான் சிரமம்.

தொட்டியை ஒட்டி மக்கள் நடந்துபோகும் பாதை இருக்கிறதே, அதைத் தனிக் கோடாக ‘ஹைவே=ஃபுட்வே’ (நடைபாதை), ‘பிரிட்ஜ்=யெஸ்’, ‘லேயர்=1’ என்று போட்டால் போதும், கார் அந்தப் பக்கம் போகாது. தமிழ்ப் பெயரை ‘நேம்:டிஏ’யில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.