சொன்னால்தான் குளிக்கிறார்

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். பத்து மாதங்களுக்கு முன் பைக் விபத்தில் தலையில் பலத்த அடி. ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் சொன்னால்தான் குளிக்கிறார். இல்லாவிட்டால் நாள் முழுவதும் கட்டிலிலேயே இருக்கிறார். குழந்தை சத்தம் போட்டால் எரிந்து விழுகிறார். பைக் சாவியைக் கேட்டு தினமும் சண்டை. சோறு பிசைந்து கையில் கொடுப்பது வரை மாமியாரே செய்கிறார். நான் வேலைக்குப் போனால்தான் குடும்பம் ஓடும். அவரைத் தனியாக விட்டுப் போகலாமா? பழையபடி ஆவாரா?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, இன்றைக்குத் தனியாக விட வேண்டாம். ஆனால் தனியாக இருக்கும் நிலைக்கு அவரைப் பழக்க முடியும் என்ற நம்பிக்கையை உங்கள் கடிதமே தருகிறது. 'சொன்னால்தான் குளிக்கிறார்' என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் நல்ல சேதி. குளிக்கத் தெரிகிறது, கை கால் ஒத்துழைக்கிறது. தொடங்குவதுதான் முடியவில்லை.

ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, கோபத்தை அடக்குவது, அடுத்து என்ன என்று திட்டமிடுவது ஆகிய மூன்றிலும் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. தலைக்காயத்தில் அடிக்கடி பாதிக்கப்படுவதும் அந்தப் பகுதிதான். 'நன்றாகத்தானே இருக்கிறான், சோம்பேறித்தனம்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பைக் கேட்டு அவர் சண்டை போடுவதும் வெறும் பிடிவாதமாக இருக்காது. தனக்கு என்ன குறை என்பதை உணரும் திறனையே இந்தக் காயம் பறித்துவிடுவது உண்டு.

உங்கள் மாமியாரின் அன்பை நான் குறை சொல்லமாட்டேன். சாவின் விளிம்பிலிருந்து மகன் திரும்பி வந்திருக்கிறான், தாய் வேறு என்ன செய்வார்? ஆனால் முதல் மாதம் மருந்தாக இருந்த அந்தப் பணிவிடை, பத்தாவது மாதத்தில் தடையாகிவிட்டது. மூளை செய்து செய்துதான் திரும்பக் கற்கும். அவருக்காக நாம் செய்துவிடும் ஒவ்வொரு வேலையும் அவர் இழக்கும் ஒரு பயிற்சி.

குளியலையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுவது, பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது, மாத்திரை போடுவது என்று வரிசையாகப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, கட்டிலில் இருந்தே தெரியும் இடத்தில் மாட்டுங்கள். தினமும் அதே நேரம், அதே வரிசை. முதலில் 'குளியுங்கள்' என்று சொல்வதற்குப் பதிலாக 'அட்டையில் அடுத்து என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள். பல நாட்கள் சென்று, பேசாமல் அட்டையைக் கையால் காட்டுங்கள். பிறகு அந்த வேலையை செல்போன் அலாரத்திடம் விட்டுவிடுங்கள். இப்படிப் படிப்படியாகத்தான் விலக வேண்டும். ஒரே நாளில் கையை எடுத்துவிட்டால் அவர் பழையபடி கட்டிலுக்கே போய்விடுவார்; உங்களுக்கும் மனம் விட்டுப்போகும்.

'நேற்று யார் வந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்' என்று சோதிக்கிற வழக்கம் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். மறதிக்காரர் ஊகித்துச் சொல்லும் தவறான பதிலே மனதில் பதிந்துவிடக் கூடும். சரியானதை நீங்களே முதலில் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவோ ஒரு நோட்டில் எழுதவோ வையுங்கள்.

கோபம் எப்போது வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். டிவி, குக்கர் விசில், குழந்தையின் அழுகை எல்லாம் சேரும் மாலை நேரமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். காயம்பட்ட மூளை சீக்கிரம் களைத்துப்போகும். மதியம் ஒரு சிறு தூக்கம், மாலையில் டிவி இல்லாத ஓர் அறை என்று ஏற்பாடு செய்யுங்கள். கத்தும்போது எதிர்வாதம் செய்யாமல் குழந்தையோடு வெளியே வந்துவிடுங்கள். கை ஓங்கினாலோ, வாழ்வே வெறுத்ததுபோல் பேசினாலோ காத்திருக்க வேண்டாம்; மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

இனி, தனியாக விடுவது. 'கேஸ் வாசனை வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் சரியான பதிலைச் சொல்லிவிடுவார். அதை நம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வாயால் சரியாகச் சொல்வதைக் கையால் செய்ய முடியாமல் போவது இந்தக் காயத்தின் இயல்பு. ஒரு டீ போடச் சொல்லி, பேசாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். பால் பொங்கும்போது கவனிக்கிறாரா, அடுப்பை அணைக்கிறாரா, நடுவில் போன் வந்தால் அடுப்பை மறக்கிறாரா? மறந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் சிலிண்டர் மூடியே இருக்கட்டும், ஃபிளாஸ்க்கில் டீ இருக்கட்டும். அவர் வீட்டுக்குள் இருக்க, நீங்கள் அரை மணி நேரம் திண்ணையில் இருங்கள். அது சரியாக நடந்தால் பக்கத்து வீடு, பிறகு கடைத்தெரு, பிறகு அரை நாள். இடையில் எட்டிப்பார்க்க ஓர் ஆள் வேண்டும். வலிப்பு வந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் படிகளைத் தொடங்க வேண்டாம். அப்படிப்பட்டவர் குளியலறையைத் தாழிடக் கூடாது, கிணற்றடிக்கும் மொட்டைமாடிக்கும் தனியே போகக் கூடாது. வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. மது அறவே வேண்டாம்.

பைக்கைப் பொறுத்தவரை நான் கறார்தான். மருத்துவர் அனுமதிக்கும்வரை சாவி அவர் கண்ணில் படக் கூடாது. முடிந்தால் வண்டியே உறவினர் வீட்டில் நிற்கட்டும். ஓட்டுநர் உரிமத்துக்கான உறுதிமொழிப் படிவத்திலேயே வலிப்பு, திடீர் மயக்கம் பற்றிய கேள்வி இருக்கிறது. மறுக்கும் வேலையை நீங்கள் ஏற்காதீர்கள், மருத்துவர் தலையில் போடுங்கள். பட்டறை வேலைக்கும் இதுவே விதி. வெல்டிங், கட்டிங் இயந்திரங்களின் பக்கம் இப்போது வேண்டாம். முதலாளி இசைந்தால் பொருள் கணக்கு, அளவு குறிப்பது போன்றவற்றில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று பின்னால் தொடங்கலாம்.

அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி நிபுணரையும், நினைவு, கவனம் ஆகியவற்றைச் சோதிக்கும் நரம்பு உளவியல் நிபுணரையும் அவர் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்கேன் படம் சொல்லாததை இவர்கள் சொல்வார்கள். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையம், சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் ஆகியவற்றை விசாரியுங்கள். அவ்வளவு தூரம் அலைய முடியாவிட்டால், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஃபிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் தலைக்காயம் தனியே இல்லை. எந்தக் குறை மிஞ்சியிருக்கிறதோ அதை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள். நரம்பு உளவியல் அறிக்கை கையில் இருப்பது அதற்கும் உதவும், விபத்து இழப்பீட்டு வழக்குக்கும் உதவும்.

பழையபடி ஆவாரா என்ற கேள்விக்கு, அப்படியே ஆவார் என்று யாரும் உறுதி தர முடியாது. முதல் ஆறு மாதங்களில் தெரியும் வேகம் பிறகு குறையும். ஆனால் முன்னேற்றம் ஆண்டுக்கணக்கில் தொடர்வது உண்டு. கணவர் உயிரோடு இருக்கும்போதே பழைய மனிதரை இழந்த துக்கம் உங்களுக்கு வரலாம். அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம், அழுகை வந்தால் அழுங்கள். வாரத்தில் ஒரு மதியமாவது வேறு யாராவது அவரைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். 'இனி அவரே பிசைந்து சாப்பிடட்டும்' என்பதை மருமகளாகிய நீங்கள் சொன்னால் சண்டையாகும். மருத்துவர் சொல்லட்டும்.