சீட்டில் ‘லெதார்ஜி’ என்று எழுதினால் சோம்பேறி என்று அர்த்தமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. சீரியல் ஓடும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிடுகிறார். டாக்டர் சீட்டில் ‘லெதார்ஜி’ என்று எழுதி, ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லியிருக்கிறார். அகராதியில் ‘சோம்பல்’ என்று இருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து அம்மா யாரிடமும் பேசவில்லை. இது என்ன நோய்?

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், டாக்டர் அவரைச் சோம்பேறி என்று எழுதவில்லை. லெதார்ஜி நோயின் பெயரும் இல்லை. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. விழிப்பு மங்கி, கூப்பிட்டால் பதில் தாமதமாக வருகிற நிலையை நாங்கள் அப்படிக் குறிப்போம்.

அகராதி சொன்னது தப்பில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறது. இது கிரேக்கச் சொல். ‘லேத்தே’ என்றால் மறதி. பாதாள உலகில் ஓடுவதாக அவர்கள் புராணம் சொல்லும் ஓர் ஆற்றுக்கும் அதே பெயர். இறந்தவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பழைய வாழ்க்கை மறந்துபோகுமாம். ‘ஆர்கோஸ்’ என்றால் வேலை செய்யாதது. 1894இல் கண்டுபிடித்த, எதனோடும் லேசில் சேராத வாயுவுக்கு ஆர்கான் என்று பெயர் வைத்ததும் இந்தச் சொல்லிலிருந்துதான். குண்டு பல்புக்குள் சும்மா இருக்கிறதே, அதே ஆர்கான்.

முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் எழுதிய மருத்துவ நூலில் இது தனி நோய். அடக்க முடியாத தூக்கம் வரும்; எழுப்பி வைக்க மிளகு, பூண்டு, வெங்காயம், வினிகர் வாடையைக் காட்டுவார்களாம். நம் வீடுகளில் மயங்கியவர் மூக்கில் வெங்காயத்தை நசுக்கிப் பிடிப்பதும் இதே கதைதான். ஆள் ஒரு நிமிடம் முகத்தைச் சுளிப்பார், காரணம் உள்ளே அப்படியே இருக்கும்.

இணையத்தில் தேடினால் ‘என்செஃபலைடிஸ் லெதார்ஜிகா’ என்று ஒன்று வந்து பயமுறுத்தும். 1917இல் வியன்னாவில் வான் எகனாமோ என்ற மருத்துவர் விவரித்த மூளை அழற்சி அது. பலர் தூக்கத்திலேயே இறந்தார்கள். பிழைத்த பலருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் மாதிரி உடல் விறைத்துப்போனது. அந்தக் கொள்ளைநோய் 1920களோடு ஓய்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

சரி, அம்மாவுக்கு வருவோம். எனக்கு முதலில் தோன்றுவது சோடியம். பி.பி. மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் போகவைத்து உடம்பின் உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் நன்றாக இறங்கினால், வயதானவர்கள் இப்படித்தான் மந்தமாகிவிடுவார்கள். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவோ உப்பைக் கூட்டவோ வேண்டாம்.

அடுத்தது தைராய்டு. என்னிடம் வந்த ஒரு பூக்கார அம்மா, நார் விரலில் சுற்றியபடி இருக்கக் கண் சொருகிவிடும் என்றார். வீட்டில் சோம்பேறிப் பட்டம் வேறு. குரல் கரகரப்பு, வறண்ட தோல், மே மாதத்திலும் குளிர். பரிசோதித்தால் தைராய்டு மிகக் குறைவு. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் பழையபடி விடிகாலைச் சந்தைக்குப் போனார்.

ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். ‘எதிலும் பிடிப்பில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது மனச்சோர்வாகவும் இருக்கலாம். எல்லா முடிவும் சரியாக வந்தாலும் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கூப்பிட்டும் கண் திறக்கவில்லை, பேச்சு குழறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை, இருமல் மருந்து எதையும் விட்டுவிடாதீர்கள். தூக்கம் பல வீடுகளில் அந்தப் பாட்டிலிலிருந்துதான் வருகிறது.